அப்பா ஏன் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார்?

பெங்களூரில் வேலை பார்க்கும் தருமபுரிக்காரர்கள் பலருக்கு இது பழகிய காட்சியாக இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு ஊருக்குப் போன் போடுவோம். அப்பா எடுப்பார். "ம்... நல்லா இருக்கேன். சாப்டியா? சரி இரு, உங்கம்மாகிட்ட தரேன்." அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிடம்கூட ஆகாது.

எங்கள் வீட்டில் இது நாலைந்து வருடம் நடந்தது. அப்பாவுக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லை, நான் ஊரைவிட்டு வந்ததில் இன்னும் வருத்தம் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா, "அவரு சுபாவமே மாறிப்போச்சு" என்பார். எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். அப்பா தக்காளி போடுகிறவர். ராயக்கோட்டை மண்டிக்குத் தானே போய் நின்று, ஏலக் கூச்சலுக்கு நடுவில் விலை பேசிவிட்டு வருவார். அதை நிறுத்திவிட்டு சித்தப்பாவை அனுப்ப ஆரம்பித்தார். திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்கு விடிய விடிய முன்வரிசையில் பாய் போட்டு உட்காரும் மனிதர், "தூக்கம் கெடுது" என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டார். டிவி மட்டும் தெருமுனை வரை கேட்கும். நாங்கள் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசினால், "என்னைப் பத்தித்தானே பேசறீங்க?" என்று முகம் சிவக்கும். கொஞ்சம் சத்தமாகப் பேசினால், "எதுக்குக் கத்தற, நான் என்ன செவிடா?" என்பார். அவர் அதிகம் சொன்ன வாக்கியம் இன்னொன்று: "எல்லாரும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கறீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்திலேயே விஷயம் முழுக்க இருந்தது. எங்களுக்குப் புரிய நாலு வருடம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கேட்கிறது, ஆனால் புரியவில்லை

காது மந்தம் என்றால் உலகத்தின் சத்தம் மொத்தமாகக் குறைந்துபோவது, டிவி ரிமோட்டில் வால்யூம் குறைப்பது போல என்றுதான் நாம் நினைக்கிறோம். வயதானவர்களுக்கு வருவது பெரும்பாலும் அப்படி இல்லை.

உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுற்றியிருக்கும். நீட்டிவைத்தால் 35 மில்லிமீட்டர் அளவு வரும். அதற்குள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்புக்குப் புரியும் மின்குறியாக மாற்றுவது இவைதான். பிறந்தபோது உள்ளதுதான் கணக்கு. ஒருமுறை போனால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. சுருளின் வாசல் பக்கம் இருப்பவை கீச்சுக் குரல், சீழ்க்கை மாதிரியான உயர்ந்த ஒலிகளுக்கு உரியவை. உள்ளே போகப் போகத் தாழ்ந்த ஒலிகள். வயதாகும்போது முதலில் பழுதாவது வாசல் பக்கம். இரண்டு காதிலும், வலி எதுவும் இல்லாமல், மெதுவாக நடப்பதால் அந்த மனிதருக்கே தெரியாது.

இது பேச்சை என்ன செய்கிறது என்பதற்குத் தமிழ் இலக்கணமே நல்ல வழி காட்டுகிறது. உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்தது, பலமானது. ம, ன, ண மாதிரியான மெல்லினமும் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிதான். க, ச, ட, த, ப போன்ற வல்லினங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் ஒலிதான் உயரத்தில் இருக்கிறது; அதுவும் கண்ணிமைக்கும் நேரத்துக்கு மெலிதாக வந்து போகும். பெயரில் வல்லினம் என்றாலும், தேயும் காதில் முதலில் மறைவது அதுதான். ஆகவே "சட்டையை எடு", "கட்டையை எடு", "பட்டையை எடு" மூன்றும் அந்தக் காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே சத்தம். நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது. யார் பேசுகிறார், கோபமா சாந்தமா என்பதுகூடத் தெரிகிறது. என்ன சொன்னீர்கள் என்பது மட்டும் விளங்கவில்லை. அவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால், எல்லோரும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்பதைவிடச் சரியாக இதைச் சொல்ல முடியாது. வீட்டுக்குள் எதிரெதிரே பேசும்போது சமாளிக்கிறவர் மண்டியில், கல்யாண மண்டபத்தில், பஸ் ஸ்டாண்டில் திணறுவதும் இதனால்தான். சுற்றியுள்ள இரைச்சல் மீதமிருக்கும் வல்லினத்தையும் மூடிவிடுகிறது.

போன் விஷயமும் இங்கே வந்துவிடுகிறது. சாதாரணத் தொலைபேசிக் குரல் காலம்காலமாக 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (ஒலி எவ்வளவு உயர்ந்தது என்பதற்கான அளவு) வரைதான் கடத்தப்பட்டது. "ச" என்ற எழுத்தின் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. உதடும் தெரியாது. அப்பா என்னோடு பேசப் பிடிக்காமல் போனைக் கொடுக்கவில்லை. தப்பாகப் பதில் சொல்லி என் முன்னால் கூச வேண்டாம் என்று கொடுத்திருக்கிறார்.

சரி, கத்திப் பேசினால் என்ன? கத்தும்போது உயிரெழுத்துத்தான் பெரிதாகிறது, வல்லினம் அதே மெலிவோடு நிற்கிறது. அதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் செல்கள் போய்விட்டதால் சின்னச் சத்தம் அவருக்குக் கேட்காது. பெரிய சத்தமோ நமக்குக் கேட்பது போலவே, சில நேரம் அதைவிட உறைப்பாகக் கேட்கும். "கேட்கவில்லை" என்பதற்கும் "காது கிழிகிறது" என்பதற்கும் நடுவில் உள்ள இடம் குறுகிப்போகிறது. முதல் தடவை கேட்காமல் போய், இரண்டாம் தடவை கத்தியதும் "எதுக்குக் கத்தற" என்று அவர் சீறுவது வீம்பு இல்லை.

நடுகல்லை வாசிப்பது போல

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலவற்றில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் வரிகள் இருக்கும். மழையிலும் வெயிலிலும் பாதி எழுத்து அழிந்திருக்கும். அதை வாசிக்கத் தெரிந்தவர் எப்படி வாசிக்கிறார் என்று பாருங்கள். தெரிந்த எழுத்தை வைத்துத் தெரியாத எழுத்தை ஊகிக்கிறார். ஒரு வரிக்கு அரைமணி நேரம் போகும். அழியாத கல்வெட்டை வாசிப்பவருக்கு அந்த உழைப்பே தேவையில்லை.

காது மந்தமானவரின் மூளை நாள் முழுக்க இந்த வேலையைத்தான் செய்கிறது. வந்த ஒலி பாதி, இடம் பொருள் பார்த்துப் போட்டுக்கொள்வது மீதி. அதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும். இப்படி வாசித்துக்கொண்டே இருந்தால் வாசித்ததை நினைவில் வைக்க இடம் எங்கே இருக்கும்? "காலைலதானே சொன்னேன், மறந்துட்டீங்களா?" என்று நாம் கேட்பதில் பாதி மறதியே இல்லை, முதலிலேயே போய்ச் சேராதது. சாயங்காலம் ஆனால் களைப்பு, தலைவலி, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காத ஒரு சலிப்பு. உறவினர் கூட்டம் வந்துபோன அன்று அப்பா சாப்பிடாமல் படுத்துவிடுவார். கூட்டம் பிடிக்காத ஆள் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

நம் மாவட்டங்களில் இதற்கு இன்னொரு அடுக்கு உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, வெளியே தமிழோ பேசும் குடும்பங்கள் ஏராளம். ஊகிக்கும் திறன் தாய்மொழியில்தான் பலமாக இருக்கும். இரண்டாவது மொழியில் வல்லினம் தொலைந்தால் நிரப்ப ஆள் இல்லை. ஊரில் ஓரளவு சமாளித்த பாட்டியைப் பெங்களூரு அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிவந்ததும், பேரப்பிள்ளைகள் ஆங்கிலமும் கன்னடமும் கலந்து பேச, திடீரென்று "பாட்டிக்கு ஒண்ணுமே புரியறதில்ல" என்று ஆகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பாட்டியின் புத்தி மங்கவில்லை. ஊகிக்கப் பிடிமானம் இல்லாமல் போயிருக்கிறது.

மனசுக்குள் நடப்பது

காது கேட்காத மனிதர் ஒரே நாளில் தனிமைக்குப் போவதில்லை. ஒவ்வொன்றாக விடுகிறார். முதலில் கூட்டம், அப்புறம் டீக்கடைப் பேச்சு, அப்புறம் போன். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருக்கும்: கால் வலி, தூக்கம், வேலை. காது என்று மட்டும் சொல்ல மாட்டார். ஏன் சொல்லவேண்டும்? கண்ணாடி போட்டவரை யாரும் கேலி செய்வதில்லை. காது கேட்காதவரை மட்டும் "டமாரச் செவிடு" என்கிறோம். "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று யோசிக்காமல் பழமொழி சொல்கிறோம். அந்தப் பெயர் தன் மேல் விழுவதைவிட, சிடுமூஞ்சி என்று பெயர் வாங்குவது அவருக்குப் பரவாயில்லையாக இருக்கிறது.

சந்தேகம் வருவதும் புரிந்துகொள்ளக் கூடியதுதான். கண்முன்னால் இரண்டு பேர் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், நடுவில் ஒருமுறை உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள். என்ன பேச்சு என்று தெரியவில்லை. வெற்றிடத்தை மனசு நல்லதைப் போட்டு நிரப்பாது. "நிலத்தை எழுதி வாங்கப் பாக்கறாங்க" என்று நிரப்பும். இப்படிக் கிளம்பிய பங்காளிச் சண்டைகளை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட வலிக்கும் ஒரு சொல் நம் வாயில்தான் இருக்கிறது. அவர் "என்ன?" என்று கேட்பார். நாம், "ஒண்ணுமில்ல, விடுங்க" என்போம். நாம் சலிப்பில் சொல்வது. அவர் காதில் விழுவது: "உனக்குச் சொல்லும் அளவுக்கு இது முக்கியம் இல்லை, நீயும் முக்கியம் இல்லை." ஒரு நாளைக்குப் பத்து தடவை இதைக் கேட்பவர் பதினோராவது தடவை "என்ன?" என்று கேட்பதையே நிறுத்திவிடுவார். எங்கள் வீட்டில் நானே இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

காது மந்தம் உள்ள முதியவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லாருக்கும் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் சில அடையாளங்களைக் கவனிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாகச் சாப்பாடு, தூக்கம் குறைந்திருக்கிறதா? பிடித்த வேலையில்கூட நாட்டம் போய்விட்டதா? "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வருகிறதா? அந்தப் பேச்சை வயசான பேச்சு என்று தள்ளாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். ஆனால் காது கேட்காதவரிடம் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனால் எப்படி? வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும், அல்லது நேரில் கூட்டிப்போக வேண்டும்.

காதுக்குள் வண்டு ரீங்காரம் போல ஓயாத இரைச்சல் கேட்கிறது என்று சிலர் சொல்வார்கள். ராத்திரி அமைதியில் அது பெரிதாகித் தூக்கத்தைக் கெடுக்கும். பேய், பில்லி என்று அலைய வேண்டாம். காது மந்தத்தோடு அடிக்கடி சேர்ந்து வருவது இது. காதுக்கு மிஷின் வைத்தால் பலருக்கு இதுவும் தணிகிறது.

மறதி நோய் பற்றி

சொந்தக்காரர் ஒருவர் அப்பாவைப் பார்த்துவிட்டு, "இது மறதி வியாதி, பெரிய ஆஸ்பத்திரியில காட்டு" என்றார். இந்தப் பயம் பல வீடுகளில் இருப்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-இல் தந்த அறிக்கை, மறதி நோய்க்கு வழிவகுக்கும் காரணங்களில் நம்மால் மாற்றக்கூடியவை 14 என்கிறது. அந்த 14-ஐயும் கவனித்தால் உலகில் இந்த நோயில் கிட்டத்தட்ட 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்பது அவர்கள் கணக்கு. அதில் காது மந்தத்தின் பங்கு 7 சதவீதம். பட்டியலில் பெரிய பங்குகளில் ஒன்று. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, தனிமை எல்லாம் அதே பட்டியலில் இருக்கின்றன.

ஏன் தொடர்பு என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. நடுகல் வாசிப்பது போன்ற ஓயாத உழைப்பு மூளையின் மற்ற வேலைகளுக்கான சக்தியைத் தின்றுவிடலாம். ஒலி வராத மூளைப் பகுதி பயன்பாடில்லாமல் சுருங்கலாம். பேச்சுத்துணை இல்லாத தனிமையே மூளையை மந்தமாக்கலாம். ரத்தக்குழாய்க் கோளாறு போன்ற ஒரே வேர் இரண்டையும் கெடுத்துக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் இவை கலந்தே நடக்கின்றன.

மிஷின் வைத்தால் மறதி நோய் வராதா? அப்படி யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரை உள்ள 977 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. பாதிப் பேருக்குக் காது மிஷினும் பயிற்சியும். மற்றவர்களுக்குப் பொதுவான உடல்நல ஆலோசனை. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது நினைவுத்திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே உடல்நலச் சிக்கல்கள் அதிகம் இருந்த பிரிவினரிடம், மிஷின் வைத்தவர்களுக்கு நினைவும் சிந்தனையும் தேயும் வேகம் 48 சதவீதம் குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் செய்திதான், உத்தரவாதம் இல்லை.

என்னைக் கேட்டால், நம் வீடுகளுக்கு இன்றைக்கே உதவும் விஷயம் வேறொன்று. நினைவுத்திறன் சோதனை பெரும்பாலும் வாய்வழிச் சோதனை. "மூணு வார்த்தை சொல்றேன், திருப்பிச் சொல்லுங்க" என்பார்கள். அந்த மூன்று வார்த்தையே காதில் விழாதவர் எப்படித் திருப்பிச் சொல்வார்? ஆகவே மறதிக்குக் காட்டும் முன்னால் காதைக் காட்டுங்கள். குறைந்தது, காது மந்தம் இருக்கிறது என்பதை அந்த டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

அன்றாடத்தில் உரசும் இடங்கள்

தொப்பூர் கணவாய் தாண்டி தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாகப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் எத்தனை கிராமங்கள் இருக்கின்றன! பின்னால் வரும் வண்டி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதை இரண்டு காதும் சேர்ந்துதான் சொல்லும். ஒரு காது மோசமானாலே திசை குழம்பும். விழுவதும் அதிகம். 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், லேசான காது மந்தம் உள்ளவர்கள் சமீபத்தில் கீழே விழுந்ததாகச் சொன்னது மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நடக்கும்போது நம் காலடி ஓசையும் மூளைக்கு ஒரு தகவல். தவிர, உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பும் அதே உள்காதில்தான் இருக்கிறது.

பெரிய ஆபத்து நான் நினைத்ததைவிடச் சாதுவான இடத்தில் இருந்தது: "சரி சரி" என்று தலையாட்டுவது. கேட்காததைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளும் பழக்கம் இது. டீக்கடையில் தலையாட்டினால் பரவாயில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னதற்கு அப்பா தலையாட்டிவிட்டு வந்து, முழு மாத்திரையையே போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை வயலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் நாங்கள் காதைப் பற்றியே யோசித்தோம். ஆகவே மருந்து விவரத்தைத் தாளில் எழுதி வாங்குங்கள். வங்கியிலும் ரேஷன் கடையிலும் அப்படித்தான். போனில் யார் என்ன கேட்டாலும் "சரி" சொல்லும் பெரியவரிடம் ஓடிபி எண் வாங்குவது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தச் சுமை துணைவர் மேலும் இறங்குகிறது. அம்மாதான் அப்பாவுக்குக் காது. யார் வந்தாலும் அவர் சொன்னதை இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அம்மா தனியாக ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்து வருடக்கணக்காகி இருந்தது.

எங்கிருந்து தொடங்குவது

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அவருக்குப் பின்னால், கை நீட்டும் தூரத்தில் நில்லுங்கள். சோதிக்காத காதின் முன்மடலை (காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேடு) விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். மூச்சை வெளியே விட்டுவிட்டு, எண்ணும் எழுத்தும் கலந்து மூன்றைக் கிசுகிசுங்கள்: "நாலு, க, ரெண்டு." சரியாகத் திருப்பிச் சொல்லாவிட்டால் வேறு மூன்று. ஆறில் மூன்றுகூடச் சரியாக வராவிட்டால் அந்தக் காதைக் காட்ட வேண்டும்.

காட்டப் போனால் முதலில் பார்ப்பது குரும்பி. இறுகிப்போன காது அழுக்கை எடுத்ததும் பாதி பிரச்சினை தீர்ந்துவிடும் ஆட்கள் உண்டு. ஆனால் அதை வீட்டில் கோழி இறகு, ஹேர்பின், தீக்குச்சி என்று வைத்து நோண்டாதீர்கள். காய்ச்சிய எண்ணெயும் ஊற்ற வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சீழ் வைத்துவிடும். ஒன்று மட்டும் அவசரம். நேற்றுவரை கேட்ட காது இன்று திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால், சளி என்று காத்திருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். முதல் சில நாட்களில் மருந்து தொடங்கினால் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை கிட்டத்தில் இருக்கிறது. அங்கே பேச்சு, கேட்டல் துறை உண்டு. இந்தத் துறைக்கென்றே 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் மைசூரில் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிபி, சுகர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் அந்தப் பணியாளரிடம் காது விஷயத்தையும் சொல்லிவைக்கலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் காதின் நுண்ணிய ரத்தக்குழாய்களையும் கெடுக்கும். கிரானைட் பட்டறை, விசைத்தறி, டிராக்டர் என்று இரைச்சலில் வேலை பார்த்தவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சோதனை முடிவை ஆடியோகிராம் என்ற வரைபடமாகத் தருவார்கள். எவ்வளவு டெசிபல் சத்தம் கொடுத்தால் கேட்கிறது என்பதே அதன் அளவு. 20-க்குக் கீழ் நல்ல காது. நாம் சாதாரணமாகப் பேசுவது 60 வாக்கில் இருக்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் 60 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தால்தான் மாற்றுத்திறனாளி என்ற கணக்கில் வரும். அப்படி வந்தால் கலெக்டர் ஆபீஸில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காது மிஷினுக்கு விண்ணப்பிக்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள 60 வயது நிரம்பியவர்களுக்கு 2017 முதல் மத்திய அரசின் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டத்தின் முகாம்களிலும் மிஷின் தருகிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 40, 50 டெசிபல் இழப்பு இருப்பவருக்குச் சான்றிதழ் கிடைக்காது, மிஷினால் நல்ல பலன் மட்டும் கிடைக்கும். சான்றிதழ் இல்லை என்பதால் குறையே இல்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

வெளியே வாங்கினால் சில ஆயிரத்திலிருந்து லட்சத்துக்கு மேல் வரை விலை இருக்கிறது. விலையைவிட, அந்த ஆடியோகிராமுக்கு ஏற்றபடி மிஷினைச் சரிசெய்து கொடுப்பவர்தான் முக்கியம். சோதனையே இல்லாமல் ஆன்லைனில் வாங்கும் பெருக்கி எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி ஏற்றும். வல்லினத்தை மட்டும் தூக்கிக் கொடுக்காது.

மிஷின் வைத்த அன்றே எல்லாம் சரியாகும் என்று எதிர்பார்த்ததுதான் நாங்கள் செய்த தப்பு. பல வருடமாக வராத ஒலிகள் திடீரென்று வந்தால் மூளை மிரளும். மிக்ஸி, பாத்திரம் விழும் சத்தம், தன் குரலே யாரோ பேசுவது போல ஒலிப்பது எல்லாமே தொந்தரவு. அப்பா முதல் வாரமே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். அப்புறம் மிஷினைப் பொருத்திக் கொடுத்த பெண் நிபுணர் சொன்னபடி, அமைதியான வீட்டில் ஒரே ஒருவரோடு தினம் ஒரு மணி நேரம் என்று தொடங்கி, மெல்ல நேரத்தைக் கூட்டினோம். இரண்டு மாதம் ஆயிற்று பழக. நடுவில் இரண்டு முறை போய் அளவைச் சரிசெய்தோம். பட்டன் பேட்டரியின் ஸ்டிக்கரைப் பிரித்த நொடியிலிருந்து அது வேலை செய்யத் தொடங்கிவிடும், ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினால் மிச்சமாகாது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. எங்கள் வெயிலில் வியர்வை படாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.

மிஷின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பேசும் விதம் மாற வேண்டும். சமையலறையிலிருந்து குரல் கொடுக்காமல் எதிரே போய், முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று, பெயரோ முறையோ சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் பேசுவது. டிவியை நிறுத்துவது. கத்தாமல் நிதானமாகப் பேசுவது. புரியாவிட்டால் அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்வது: "சட்டை" புரியவில்லை என்றால் "மாட்டிக்கிட்டுப் போறதுக்கு, வெள்ளைச் சட்டை." எதைப் பற்றிய பேச்சு என்று முதலில் சொல்லிவிட்டால் ஊகிக்கப் பிடி கிடைக்கும்: "தண்ணி மோட்டார் விஷயம்ப்பா..." இதில் எதற்கும் காசு ஆகாது. எங்கள் வீட்டில் மிஷினுக்கு முன்பே பாதிச் சண்டை இதில்தான் அடங்கியது.

போனை வீடியோ அழைப்புக்கு மாற்றினேன். உதடு தெரிகிறது. அப்பா இப்போது தக்காளிப் பெட்டி விலையில் ஆரம்பித்து, சித்தப்பா மண்டியில் ஏமாந்த கதை வரை சொல்கிறார். இருபது நிமிடம் போகிறது. சாப்பிடும்போது மிஷினைக் கழற்றிவிடுகிறார், அப்பளம் நொறுங்கும் சத்தம் தலைக்குள் கேட்கிறதாம்.

போன வாரம் பேசி முடித்துவிட்டு அப்பா போனை அம்மாவிடம் கொடுத்தார். இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அம்மா முகத்தைச் சுளித்து, போனைக் கிட்டத்தில் இழுத்து, "ஏன் கண்ணு வாய்க்குள்ளேயே பேசற?" என்றார். இந்த மாதக் கடைசியில் ஊருக்குப் போகிறேன். திங்கட்கிழமை காலையிலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு தருமபுரிக்குக் கிளம்ப வேண்டும்.